தாத்தாவின் பட்டாளத்துப் படம்: பின்னால் தெரிவது ரங்கூன் பகோடாவா?

பென்னாகரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டது, ஜூன் 4

இது எங்கள் தாத்தா. நேதாஜியின் ஐ.என்.ஏ.வில் (இந்திய தேசிய ராணுவம்) இருந்தவர். தொப்பியில் பாயும் புலி இருக்கிறது பாருங்கள். பின்னால் வலது ஓரத்தில் கூராகத் தெரிவது ரங்கூனில் இருக்கும் ஷ்வேடகான் பகோடா என்று பெரியப்பா சொல்வார். தாத்தா 1969ல் போய்விட்டார். ஆயாவும் இல்லை. எந்த வருடம் எடுத்த படம், எந்த ரெஜிமெண்ட், நெஞ்சில் இருப்பது என்ன மெடல்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சுவரில் பிரேமோடு மாட்டியிருப்பதைச் செல்போனில் எடுத்தேன்.

ஜூன் 4, இரவு

முதலில் படத்தைப் பிரேமிலிருந்து கழற்றுங்கள் தம்பி. கண்ணாடியில் உங்கள் வீட்டு டியூப்லைட் தெரிகிறது. தாத்தாவின் தோளில் இருப்பது பட்டையா, டியூப்லைட்டா என்று பத்து நிமிடம் பார்த்தேன். டியூப்லைட்.

நான் பட்டாளத்தில் இருந்தவன் இல்லை. தர்மபுரியில் அப்பா காலத்திலிருந்து ஸ்டூடியோ வைத்திருந்தோம். செத்துப்போனவர்களின் பழைய படத்தைக் காப்பி எடுத்துப் பெரிதாக்கிக் கொடுப்பதுதான் எங்களுக்குச் சோறு போட்டது. மிலிட்டரி படம் மட்டும் நூறு, நூற்றைம்பது கையில் வந்து போயிருக்கும். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், தப்பென்றால் திருத்துங்கள்.

மெடல் தெரியவில்லை, அதன் ரிப்பன் மட்டும்தான் இரண்டு பட்டையாகத் தெரிகிறது. ஒன்றில் நடுவில் அகலமாகக் கறுப்பு, இரண்டு பக்கமும் வெளுப்பு. பர்மா ஸ்டார் என்று நினைக்கிறேன். அதற்கு நடுவில் அகலச் சிவப்பு, இரு புறமும் கருநீலம், நீலத்தின் நடுவே மெல்லிய ஆரஞ்சு. ஆனால் அது வெள்ளைக்காரன் கொடுத்த மெடல். நேதாஜி படையில் இருந்தவர் அதை ஏன் குத்திக்கொள்கிறார்? இங்கேயே இடிக்கிறது.

ஜூன் 5

காலையில் எழுந்ததும் நேற்று எழுதியதை அழிக்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும். கறுப்பு வெள்ளைப் படத்தில் ரிப்பனின் நிறத்தைச் சொன்னது அவசரம். பழைய ஆர்த்தோ பிலிமுக்குச் சிவப்பு தெரியாது, கறுப்பாகத்தான் விழும். நீலம் வெள்ளையாக விழும். பின்னால் வந்த பான்குரோமேட்டிக் பிலிமில் அப்படி இல்லை. எந்தப் பிலிம் என்று தெரியாமல் "இது சிவப்பு, இது நீலம்" என்பது கிளி ஜோசியம்.

இன்னொன்று. பர்மா ஸ்டார் என்ற மெடலையே 1945ல்தான் அறிவித்தார்கள். அது உண்மையானால் படம் அதற்குப் பிந்தியது. நேதாஜி படைக்காரர்கள் அப்போது கைதிகளாக இருந்தார்கள். கைதி ஸ்டூடியோவுக்குப் போய் மெடலோடு படம் எடுத்துக்கொள்வாரா?

ஜூன் 7

நெஞ்சை விட்டுவிட்டுத் துணியைப் பாருங்கள். காக்கி டிரில் என்றால் பருத்தி. கஞ்சி போட்டு இஸ்திரி செய்தால் கத்தி மாதிரி மடிப்பு நிற்கும், ஒளி பட்டால் பளிச்சென்று வாங்கும். இந்தச் சட்டையில் மடிப்பே இல்லை. ஒளி உள்ளே போய்விடுகிறது. முழங்கை மடியும் இடத்தில் உருண்டு திரண்டிருக்கிறது. இது கம்பளி. இடுப்போடு நின்று, இடுப்பில் பட்டையாக முடிகிற கட்டைச் சட்டை. பேட்டில் டிரெஸ் என்பார்கள். இரண்டாம் உலகப் போரில் குளிர் தேசத்துக்குப் போனவர்களுக்குக் கொடுத்தது.

ரங்கூனில் கம்பளிச் சட்டையா? வெந்துபோவார். பர்மாவில் சண்டை போட்டவர்கள் பருத்தியில்தான் இருந்தார்கள். 1943க்குப் பிறகு அதுவும் காக்கி போய்ப் பச்சையாகிவிட்டது. காட்டுக்குள் காக்கி தூரத்திலிருந்தே தெரிந்துவிடுமாம்.

கால் தெரிந்திருந்தால் இன்னும் சொல்லலாம். கணுக்காலிலிருந்து முழங்கால் வரை துணிப் பட்டி சுற்றியிருந்தால் பழைய காலம். சுற்றிய பட்டியின் நுனி முழங்கால் பக்கம் முடிந்தால் காலாட்படை, கணுக்கால் பக்கம் முடிந்தால் குதிரைப்படை. கித்தானில் செய்த சின்ன ஆங்க்லெட் என்றால் இரண்டாம் போர்ச் சமயம். இந்தப் படம் முழங்காலுக்கு மேலேயே வெட்டுப்பட்டிருக்கிறது.

ஜூன் 8

ஒருவர் "அது புலி இல்லை, யானை. மெட்ராஸ் ரெஜிமெண்ட்" என்கிறார். மெட்ராஸ் ரெஜிமெண்டின் சின்னத்தில் யானை இருப்பது சரிதான். 1803ல் அசாயே போரில் வாங்கியது. 1920களில் கலைத்துவிட்ட அந்த ரெஜிமெண்டை 1941ல் மறுபடியும் திரட்டினார்கள், அதுவும் காலத்துக்குப் பொருந்துகிறது. ஆனால் நான் பார்த்த வரைக்கும் யானைக்கு இவ்வளவு நீள வால் கிடையாது. இன்னொருவர் "பூனை" என்று போட்டிருக்கிறார். அவரைக் கண்டுகொள்ள வேண்டாம்.

ஜூன் 11

தம்பி, ஒரு விஷயம். உங்கள் தாத்தா படம் திருப்பிப் போட்டது.

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் மறுபடியும் பார்த்தேன். ரிப்பன் அவருடைய வலது மார்பில் இருக்கிறது. தான் வாங்கிய மெடலை இடது மார்பில்தான் குத்துவார்கள். சட்டையைப் பாருங்கள், வலது பக்கம் மேலே, இடது பக்கம் கீழே மூடியிருக்கிறது. ஆண்பிள்ளைச் சட்டை அப்படி மூடாது. அப்புறம் வலது முன்கையில் கூரை மாதிரி ஒரு கோடு, முனை மேலே பார்த்து. பதவிக் கோடு என்றால் மேற்கையில், முனை கீழே பார்த்து இருக்கும்: ஒன்று லான்ஸ் நாயக், இரண்டு நாயக், மூன்று அவில்தார். முன்கையில் முனை மேலே பார்த்து இருப்பது நன்னடத்தைக் கோடு, அது இடது கையில் வரும். ஆக மூன்றும் பக்கம் மாறியிருக்கின்றன.

இது எப்படி நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜரில் நெகட்டிவை வைக்கும்போது மருந்து பூசிய பக்கம் கீழே இருக்க வேண்டும். அவசரத்தில் மேலே வைத்துவிட்டால் எல்லாம் இடவலமாக மாறிவிடும். கிராப்பு வகிடு மாறி, "எங்க அப்பா மாதிரியே இல்லையே" என்று திருப்பிக்கொண்டு வருவார்கள். பெரும்பாலும் வரவும் மாட்டார்கள். செத்தவர் முகம் கொஞ்சம் மாறித்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அப்படியென்றால் இது மூலப் படம் இல்லை. காப்பி.

ஜூன் 12

ஓசூரில் இருக்கும் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் தனியாகக் கூப்பிட்டார். பெயர் போட வேண்டாம் என்றார். "முன்கைக் கோட்டை வைத்து முடிவு பண்ணாதீங்க சார். போர்க்கால சேவைக்கு வலது முன்கையிலேயே முனை மேலே பார்த்துக் கோடு உண்டு" என்றார். முதல் போரிலும் இருந்தது, 1914க்குச் சிவப்பு, அப்புறம் நீலம். இரண்டாம் போரில் சிவப்பு.

சரி, கோட்டை வாபஸ் வாங்குகிறேன். சட்டை மூடியிருக்கும் பக்கத்தை வாங்க மாட்டேன்.

ஜூன் 12, கொஞ்ச நேரம் கழித்து

"செல்பி கேமராவில் எடுத்தால் திரும்பித்தானே விழும்?" என்று கேட்டவருக்கு: சுவரில் மாட்டிய படத்தை யாராவது செல்பி எடுப்பார்களா?

ஜூன் 19

பென்னாகரத்துத் தம்பி பிரேமைக் கழற்றிவிட்டார். அட்டைக்கும் படத்துக்கும் நடுவில் பழைய தினத்தந்தித் தாள் ஒன்று, 1974. தாத்தா போய் ஐந்து வருடம் கழித்து. காப்பி என்பது உறுதியாகிவிட்டது. தொப்பியை நெருக்கத்தில் எடுத்து அனுப்பியிருக்கிறார். படத்தின் பின்பக்கத்தையும்.

பின்பக்கத்தில் ஊதா மையில் ஒரு ரப்பர் ஸ்டாம்பு. பாதி அழிந்திருக்கிறது. மீதிப் பாதி எனக்குப் போதும். எங்கள் ஸ்டூடியோ.

இன்றைக்கு இதற்கு மேல் எழுதவில்லை.

ஜூன் 20

சரி, சொல்லித்தான் ஆக வேண்டும்.

கண்ணைப் பார்த்திருந்தாலே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்பா டச்சிங் (படத்தைப் பிரஷால் திருத்துவது) செய்தால் கடைசி வேலையாக இரண்டு கருவிழியிலும் மூன்று நூல் பிரஷால் வெள்ளைப் புள்ளி வைப்பார். கடிகாரத்தில் பத்து மணி இருக்கும் இடத்தில். ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் பத்து மணிதான். "புள்ளி வெச்சாத்தான்டா உசுரு" என்பார். இந்தப் படத்தில் மூக்கின் நிழல் ஒளி எதிர்ப்பக்கத்திலிருந்து வருவதாகச் சொல்கிறது. கண்ணில் மட்டும் பத்து மணி.

தொப்பியின் புலி பிரஷ் வேலை. ரிப்பன் இரண்டும் பிரஷ் வேலை. நெருக்கத்தில் பார்த்தால் பேப்பரின் பளபளப்பு அந்த இடங்களில் மங்கியிருக்கிறது, மை மேலே உட்கார்ந்திருக்கிறது. நான் ஆர்த்தோ என்றும் பான்குரோ என்றும் ஒரு நாள் முழுக்க அலசிய பர்மா ஸ்டாரை என் அப்பா தர்மபுரியில் உட்கார்ந்து வரைந்திருக்கிறார்.

அவர் காப்பிக்கு ஆர்த்தோதான் போடுவார். சிவப்பு பல்பு வெளிச்சத்திலேயே பிலிமைக் கழுவலாம், விலையும் குறைவு. அதில் ஒரு கஷ்டம், பழைய படத்தில் இருக்கும் மஞ்சள் கறையெல்லாம் கறுப்புத் திட்டாக வந்துவிடும். அந்தத் திட்டை மறைக்கத்தான் டச்சிங். மறைக்க ஆரம்பித்தால் கை நிற்காது. வேட்டி சட்டையோடு இருந்தவருக்குக் கோட்டும் டையும் போட்டுக் கொடுத்திருக்கிறோம். மூக்குத்தி, ஜிமிக்கி எல்லாம் கேட்டால் வரும். புலி கேட்டவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

ஜூன் 21

அப்பாவைப் பற்றி நேற்று எழுதியது கொஞ்சம் கேலியாகப் போய்விட்டது. அன்றைக்கு ஒரு ஆள் செத்துவிட்டால் அவர் முகம் என்று வீட்டில் இருப்பது குரூப் போட்டோவில் கடுகளவு. அதிலிருந்து முகத்தை எடுத்துப் பத்துக்குப் பன்னிரண்டில் கொடுக்க வேண்டும். பார்த்ததும் அந்தம்மா அழ வேண்டும், அழுதால்தான் பாக்கிப் பணம் வரும். பட்டனில் கிரீடமா சிங்கமா என்று யாரும் கேட்கவில்லை. (கிரீடம் என்றால் 1950க்கு முந்தியது, நான்முகச் சிங்கம் என்றால் பிந்தியது. இதைத் தனியாகக் கேட்டிருந்த காரிமங்கலம் வாசகருக்குப் பதில்.)

ஜூன் 27

ஆர்டர் நோட்டு கிடைத்துவிட்டது. ஸ்டூடியோவை மூடியபோது எல்லாவற்றையும் எடைக்குப் போட்டதாகத்தான் நினைத்திருந்தேன். மனைவி பரணில் இரண்டு மூட்டை வைத்திருக்கிறாள். கரையான் பாதி தின்றிருக்கிறது. 1974 தப்பித்திருக்கிறது. அப்பா கையெழுத்து:

"பென்னாகரம். மிலிட்டரி காப்பி 1. 10க்கு 12. ஆள் தனியாக. மெடல் 2, புலி வைக்க. ரூ. 12. அட்வான்ஸ் 5. பாக்கி 7."

பாக்கிக்கு நேராக வரவு போட்ட டிக் இல்லை.

"புலி வைக்க" என்று எழுதியிருக்கிறது. அப்பா தானாகச் செய்யவில்லை, கேட்டிருக்கிறார்கள். "ஆள் தனியாக" என்றும் இருக்கிறது. அப்படியானால் மூலப் படத்தில் வேறு ஆட்களும் இருந்திருக்கிறார்கள்.

ஜூன் 28

1972ல்தான் சுதந்திரப் போராட்ட வீரர்களுக்கு மத்திய அரசு பென்ஷன் ஆரம்பித்தது. 1974ல் ஒருவர் வந்து புலி வைக்கச் சொல்கிறார். நான் வேறு எதுவும் சொல்லவில்லை.

ஜூலை 2

நேற்று முன்தினம் முதல் வரிசையாகத் திட்டு. "ஒரு வீரரை அவமானப்படுத்துகிறீர்கள்." தம்பியும் இரண்டு நாளாகப் பேசவில்லை. 28ஆம் தேதி எழுதியது எனக்கே பிடிக்கவில்லை. புலி வரைந்த படத்தைக் காட்டினால் எந்த ஆபீஸிலும் பென்ஷன் தர மாட்டார்கள். அது அற்பமான சந்தேகம், அழிக்கவில்லை, இருந்து என்னைக் குத்தட்டும்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். புலி பொய் என்பதால் தாத்தா ஐ.என்.ஏ.வில் இல்லை என்று ஆகாது. மலேயாவிலும், 1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் விழுந்தபோதும் பிடிபட்ட நம் சிப்பாய்களிலிருந்துதான் அந்தப் படையின் முதல் ஆட்கள் வந்தார்கள். 1943 ஜூலையில் நேதாஜி பொறுப்பேற்ற பிறகு மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தார்கள். அவர்கள் போட்டிருந்ததும் பெரும்பாலும் அதே வெள்ளைக்காரன் காக்கிதான், பேட்ஜ் மட்டும் வேறு. பாயும் புலி அதிகமாகத் தெரிந்தது ஜெர்மனியில் நேதாஜி திரட்டிய படையின் கைச்சின்னத்தில், மூவர்ணத்தின் மேல். ஆக, முதலில் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் படம் எடுத்துக்கொண்டு, பிறகு பிடிபட்டு, பிறகு ஐ.என்.ஏ.வுக்குப் போயிருக்கலாம். படம் அதை இல்லை என்று சொல்லாது, ஆம் என்றும் சொல்லாது.

மூலப் படம் வேண்டும். அத்தை, பெரியம்மா வீடுகளில் சாமி படத்துக்குப் பின்னால் தேடுங்கள் தம்பி. பழைய போட்டோக்களைச் சாமி பிரேமுக்குள் முட்டுக்கொடுக்க வைத்துவிடுவார்கள். சரஸ்வதிக்குப் பின்னாலிருந்து ஒரு முழுக் கல்யாணத்தையே எடுத்திருக்கிறேன்.

ஜூலை 18

கிடைத்துவிட்டது! காவேரிப்பட்டணத்தில் அவருடைய அத்தை வீட்டில். சரஸ்வதி இல்லை, முருகர்.

போஸ்ட்கார்டு அளவு. மூன்று பேர். தாத்தா நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வயது இருபத்திரண்டு, இருபத்து மூன்று இருக்கும். நெஞ்சில் ஒரு ரிப்பனும் இல்லை. தொப்பியில் புலி இல்லை. சட்டை ஒழுங்காக மூடியிருக்கிறது, கோடு இடது முன்கைக்கு வந்துவிட்டது. (சுபேதார் ஐயா, பார்த்தீர்களா?) காலில் ஆங்க்லெட், பூட்ஸ். பின்னால் திரை: குளம், படிக்கட்டு, தூண் வைத்த மண்டபம். திரையின் அடி ஓரம் சுருண்டு கம்பளத்தின் மேல் கிடக்கிறது.

பகோடா எங்கே என்று கேட்பீர்கள்.

தாத்தாவுக்குப் பின்னால் இடது பக்கம் நெட்டையாக ஒரு பஞ்சாபி நிற்கிறார். அவர்கள் தலைப்பாகையை ஒரு கூம்புக் குல்லாவைச் சுற்றிக் கட்டுவார்கள், அதன் கூர்முனை மேலே எட்டிப் பார்க்கும். "ஆள் தனியாக" வேண்டுமே, அப்பா பஞ்சாபியை அழித்திருக்கிறார். உடம்பு, முகம், தாடி, தலைப்பாகை எல்லாவற்றையும். குல்லாவின் முனை திரையில் வரைந்த மண்டபத்தோடு ஒட்டிக்கொண்டிருந்ததால், மண்டபத்தின் கலசம் என்று நினைத்து விட்டுவிட்டார்.

ஐம்பது வருடமாக அந்த வீட்டில் எல்லோரும் கும்பிட்ட ஷ்வேடகான் பகோடா ஒரு பஞ்சாபியின் குல்லா. தம்பியிடம் போனில் சொன்னேன். ஒரு நிமிடம் சத்தமே இல்லை. அப்புறம் சிரித்தார் பாருங்கள், எனக்குப் பயமாகிவிட்டது.

ஜூலை 19

"பகோடாவைச் சாப்பிட்டுவிட்டார்களா" என்கிற வகை ஜோக்குகள் போதும். பதினான்கு வந்துவிட்டன.

ஜூலை 21

தொப்பி. காப்பியில் அப்பா புலிக்கு இடம் செய்வதற்காக அதைச் சாதாரணத் தொப்பியாக்கிவிட்டிருந்தார். மூலத்தில் விசித்திரமாக இருக்கிறது. உருளையாக நிமிர்ந்து, மேலே தட்டையாக, முன்னால் நிழல் தருகிற முனை இல்லாமல், துணி சுற்றினது. நான் பேண்ட் வாத்தியக்காரரோ என்று நினைத்தேன். என் மைத்துனர் "தபால்காரர்" என்றார்.

ஓசூர் சுபேதார் பார்த்த மாத்திரத்தில் கூப்பிட்டார். குரலே மாறியிருந்தது. "சார், அது தூப்டா. எங்க தொப்பி." மதராஸ் சாப்பர்ஸ். பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் மதராஸ் எஞ்சினியர் குரூப். 1780லிருந்து கணக்கு. பாலம் கட்டுவது, சாலை போடுவது, கண்ணிவெடி எடுப்பது அவர்கள் வேலை. இந்திய ராணுவத்தில் வேறு யாருக்கும் அந்தத் தொப்பி இல்லையாம். பட்டாளத்தில் அவர்களுக்குப் பெயரே "தம்பி"கள். நான் ஒன்றரை மாதமாகப் பேரனைத் தம்பி தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், தாத்தாதான் தம்பி.

சுபேதார் இன்னொன்றும் சொன்னார். 1944ல் இத்தாலியில் மிஞ்ஞானோ பக்கம், கூட இருந்தவர்களைக் காப்பாற்ற வெடிக்கப் போகிற கண்ணியின் மேல் விழுந்து செத்த சுபேதார் சுப்பிரமணியன் அவர்கள் ஆள்தான். ஜார்ஜ் கிராஸ் என்ற வீரப் பதக்கம் கொடுத்தார்கள். காஞ்சிபுரத்துப் பக்கத்துக்காரர். "எங்க சென்டரில் அவர் பெயர் தெரியாத தம்பி கிடையாது" என்றார்.

ஜூலை 30

மூலப் படத்தின் பின்பக்கம் ஒரு ரப்பர் ஸ்டாம்பு. அரபி எழுத்து. பக்கத்திலேயே ஆங்கிலத்தில் இருந்த வரியை முருகருக்கு ஒட்டிய பசை தின்றுவிட்டது.

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் உருது படித்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். அந்தக் காலத்தில் அவர் வீட்டுப் படங்களையெல்லாம் நாங்கள்தான் பிரேம் போட்டோம். மாலையில் போனேன். சையத் பாஷா மலை மேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, அவர் திண்ணையில் உட்கார்ந்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். ஸ்டூடியோ பெயர் தேறவில்லை. கடைசிச் சொல்லில் விரலை வைத்து "பாக்தாத்" என்றார். அப்புறம் மறுபடியும் எழுத்துக் கூட்டி, "பாக்தாத்தேதான்."

ஈராக். 1941 ஏப்ரல் 18ல் இந்தியத் துருப்புகள் பஸ்ராவில் இறங்கின. அதற்கப்புறம் பாரசீகம், ஈராக் இரண்டுக்கும் சேர்த்துத் தனிப் படைத் தலைமையே இருந்தது. ரஷ்யாவுக்குச் சாமான் போகிற வழி அது. சாலை, பாலம், ரயில் எல்லாம் வேண்டும், சாப்பர்களுக்கு வேலைக்குக் குறைவே இல்லை. பாக்தாத்தில் டிசம்பர், ஜனவரியில் நல்ல குளிர். கம்பளிச் சட்டைக்கு ஜூன் 7ல் நான் சொன்னது நின்றுவிட்டது. பர்மா ஸ்டாருக்கு ஜூன் 4ல் சொன்னதை மறந்துவிடுங்கள்.

ஆகஸ்ட் 9

தலைப்பை விட்டு விலகுகிறேன், தெரியும். தர்மபுரியிலிருந்து பெங்களூருக்கு அவர் பட்டாளத்தில் சேர எப்படிப் போயிருப்பார் என்று ஒருவர் கேட்டார். மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906ல் சின்ன ரயில் வந்தது, அப்புறம் ஓசூர் வரைக்கும் நீட்டினார்கள். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும் ஒன்று இருந்தது. 1941ல் போர்ச் சமயத்தில் மூடிவிட்டார்கள். கிருஷ்ணகிரிக்காரர்கள் இன்னும் ரயில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தாத்தா 1941க்கு முன்னால் போயிருந்தால் அந்த ரயிலில் போயிருக்கலாம்.

முதல் போருக்கு மதராஸ் மாகாணத்தில் பல ஊர்களில் கல்வெட்டு வைத்தார்கள். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914-1919 பெரும்போருக்குப் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று இருக்கும். எண் மட்டும்தான், பெயர் கிடையாது. நான் சின்ன வயதில் அதைக் கணக்குப் பாடம் என்று நினைத்தேன்.

தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தக் காலத்துப் பதிவேட்டில் தர்மபுரி மாவட்டம் என்று பார்க்காதீர்கள். 1965 வரை நாம் சேலம் ஜில்லா. கிருஷ்ணகிரி தனியானது 2004ல்.

செப்டம்பர் 3

நேற்று தம்பி நேரில் வந்தார். கூடவே பெரியப்பா. எழுபத்தைந்து இருக்கும், கைத்தடி. ரங்கூன் பகோடா என்று சொல்லிவந்தவர் இவர்தான். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலியைத் தள்ளிப் போட்டேன்.

அவர் மஞ்சப்பையிலிருந்து ஒரு சின்ன புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். டிஸ்சார்ஜ் புத்தகம். இத்தனை வருடமும் அவர் பெட்டியில்தான் இருந்திருக்கிறது. சேலம் ஜில்லா. சேர்ந்தது 1940, வெளியே வந்தது 1946, நடுவில் இடைவெளி இல்லை. தொழில் மேசன். வெளிநாட்டுச் சேவை பாரசீகம், ஈராக். நடத்தை எக்ஸம்ப்ளரி. பிடிபட்டதாக ஒரு வரியும் இல்லை. நேதாஜி படைக்குப் போவதற்கு அவருக்கு ஒரு வழியும் இருந்திருக்கவில்லை.

"எங்க கிணத்துக்குக் கல் கட்டினது தாத்தாதானே" என்றார் தம்பி. "மூணு ஊர்க் கிணறு" என்றார் பெரியப்பா.

புலியைப் பற்றி நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். "ஊர்ல ஒருத்தன், வெள்ளைக்காரன் சோத்தத் தின்னவன்னு எங்கப்பாவ அவர் சாகற வரைக்கும் சொல்லிக் காட்டினான். டீக்கடையில, கோயில்ல, எல்லா இடத்துலயும். அவர் ஒண்ணும் பேச மாட்டாரு. படத்துலயாவது புலி இருக்கட்டும்னு எனக்குத் தோணிச்சு. அப்ப எனக்கு இருபத்தாறு வயசு." ரங்கூனைத் தான் யோசிக்கவே இல்லை என்றார். படம் வந்த பிறகு ஓரத்தில் அந்தக் கூர்முனையைப் பார்த்ததும் தானாக வாயில் வந்துவிட்டதாம்.

மூலப் படத்தை மேசையில் வைத்துக்கொண்டு மூன்று பேரும் கொஞ்ச நேரம் பார்த்தோம். பஞ்சாபிக்குப் பெயர் எங்கும் எழுதவில்லை. அந்தப் பக்கம் நிற்பவருக்கும் இல்லை, அவர் தலையிலும் தூப்டாதான்.

புதிய காப்பி ஒன்று வேண்டும் என்றார்கள். ஸ்டூடியோ இல்லை, என் மகனிடம் ஸ்கேனர் இருக்கிறது, செய்து தருகிறேன் என்றேன். டச்சிங் வேண்டாம், கறை இருந்தால் இருக்கட்டும் என்றார் தம்பி. பழைய படத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டதற்குப் பெரியப்பா "அதுவும் மாட்டியிருக்கட்டும்" என்றார்.

பரண் நோட்டை எடுத்து அப்பாவின் 1974 வரிக்குக் கீழேயே எழுதினேன். "பென்னாகரம். மிலிட்டரி காப்பி 1. 10க்கு 12. மூணு பேரும். குல்லாவோடு."

பெரியப்பா எட்டிப் பார்த்தார். மேல் வரியில் இருந்த பாக்கியையும் பார்த்துவிட்டார். சட்டைப்பையில் தேடி ஒரு ஐந்து ரூபாய் நாணயமும் ஒரு இரண்டு ரூபாய் நாணயமும் எடுத்து நோட்டின் மேல் வைத்தார். டிக் போட்டுவிட்டேன்.